கோணிய முன்னங்கால்: ஒரு வயசு ஆகட்டும் என்று காத்திருக்கலாமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்கு இப்போது ஆறு மாதம். (பெயரை மாற்றி முத்து என்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டால் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் போலிருக்கிறது.) மூன்றரை மாதத்தில் பால்காரர் பைக் அதன் வலது முன்னங்காலில் இடித்துவிட்டது. அன்றே எக்ஸ்-ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை என்றார்கள். ஒரு வாரத்தில் குட்டி பழையபடி ஓடியது. ஐந்தாம் மாதத்தில் பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியது. உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு எலும்பு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது கால் இன்னும் கோணியிருந்தது. இதற்கு நடுவே கால்சியம் சிரப் ஒரு பாட்டில் காலி. அக்கம்பக்கத்தார் சொன்னபடி தினமும் காலை வெயிலிலும் கட்டிப் போட்டிருக்கிறார்.

இப்போது அவர் முன் நான்கு யோசனைகள் நிற்கின்றன. ஒரு டாக்டர், "ஒரு வயசு ஆகட்டும், வளர்ச்சி நின்றதும் ஒரேயடியாக நேராக்கலாம்" என்கிறார். இன்னொருவர் எலும்பை வெட்டி நேராக்கி உலோகப் பிளேட் வைக்கலாம் என்கிறார். மகள் செல்போனில் காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிய நாயின் வீடியோவைக் காட்டி அதுதான் வேண்டும் என்கிறாள். மாமியார், "தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார். "முதல் நாளே அவர்கள் கண்டுபிடித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? வளையம் கொடுமை இல்லையா? நான் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவேன். அந்த வளையத்து நட்டை ராத்திரி ஒரே தடவையாகத் திருப்பிக்கொள்ளலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அம்மா, கடைசிக் கேள்விதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

கால் ஏன் கோணுகிறது

மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே நாய்க்கு இரண்டு எலும்புகள், நமக்கு இருப்பது போலவே. முன்னால் இருப்பது ரேடியஸ், பின்னால் ஒட்டி நிற்பது அல்னா. இரண்டும் ஒரே வேகத்தில் நீண்டால்தான் கால் நேராக இருக்கும். எலும்பு நீள்வது அதன் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். அது மெல்லிய குருத்தெலும்புப் பட்டை. வளர்ந்து முடிந்ததும் எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். ரேடியஸ் மேல்முனை, கீழ்முனை இரண்டிலிருந்தும் வளரும். அல்னாவுக்கு அந்த வசதி இல்லை. அதன் நீளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் ஒரே தட்டிலிருந்து வருகிறது.

அந்தத் தட்டின் வடிவமும் நாய்க்குப் பாதகமானது. மற்றவை ஓரளவு தட்டையாக இருக்க, இது ஐஸ்கிரீம் கூம்பு போல் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். பக்கவாட்டில் இடிபட்டால் தட்டையான தட்டு வழுக்கி விலகும். இது விலக வழியில்லாமல் நசுங்கும். நசுங்கிய செல்கள் வளர்வதை நிறுத்திவிடும். முத்துவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

அதற்குப் பிறகு நடப்பது வில்லும் நாணும். அல்னா நின்றுவிட்டது, ரேடியஸ் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாண் குட்டையாக இருந்தால் வில் வளைந்துதானே ஆக வேண்டும்? ரேடியஸ் முன்பக்கம் வளைகிறது, மணிக்கட்டு வெளிப்பக்கம் சாய்கிறது, பாதம் முறுக்கிக்கொண்டு வெளியே பார்க்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அதே வரிசை.

கால்சியம் குறைவால் வரும் கோணல் ஒரு காலில் மட்டும் வராது. கணை நோய் (ரிக்கெட்ஸ்) என்றால் இரண்டு முன்னங்காலும் வளையும், மூட்டுகள் தடிக்கும், எக்ஸ்-ரேயில் வளர்ச்சித் தட்டுகள் எல்லாமே அகலமாகத் தெரியும். முத்துவுக்கு இடது கால் அம்பு போல இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாதது, கொடுக்கக் கொடுக்க உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் வளரும் எலும்புக்கே கெடுதல். வெயிலில் கட்டுவதும் வேண்டாம். நம் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிப்பது போல நாயின் தோல் போதிய அளவு தயாரிக்காது, அதற்குச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். காலை வெயிலில் கட்டியதால் முத்துவுக்குக் கிடைத்தது தாகம் மட்டுமே.

பத்தைக் கட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முறிந்த எலும்பை அசையாமல் வைக்கத்தான் கட்டு. வளரும் எலும்பு உள்ளேயிருந்து தள்ளுகிற வளைவை வெளியிலிருந்து எந்த மூங்கிலும் தடுக்காது. குட்டியின் காலை மூன்று வாரம் இறுக்கிக் கட்டினால் மூட்டு விறைக்கும், தசை சூம்பும். இன்னொரு தடவை யார் சொன்னாலும் கட்டாதீர்கள்.

முதல் எக்ஸ்-ரேயைப் பார்த்தவர் மீது தவறில்லை

இதில் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது நியாயமான இடத்தில் விழவில்லை. நசுங்கிய வளர்ச்சித் தட்டு அடிபட்ட அன்று எக்ஸ்-ரேயில் தெரியாது. குருத்தெலும்பு படத்தில் விழுவதில்லை, கறுப்பு இடைவெளியாகத்தான் தெரியும். இடைவெளி இருந்த இடத்தில் இருந்தால் "நார்மல்" என்றுதான் யாரும் எழுதுவார்கள், நானும் எழுதியிருப்பேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, இரண்டு காலையும் சேர்த்துப் படம் எடுத்து ஒப்பிட்டால்தான் ஒன்று பின்தங்குவது கண்ணில் படும். "குட்டியின் முன்னங்காலில் அடி, மூன்று வாரத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறை என்றால் அந்த ஒரு வார்த்தைதான். உங்கள் மீதும் தவறில்லை. ஓடுகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு யார் டாக்டரிடம் போவார்கள்?

ஒரு வயசு வரை காத்திருக்க வேண்டாம்

உங்கள் கடிதத்தில் உள்ள யோசனைகளில் எனக்குப் பயம் தருவது வளையமோ பிளேட்டோ அல்ல, "ஒரு வயசு ஆகட்டும்" என்பதுதான். நல்ல எண்ணத்தோடு சொன்ன அறிவுரை என்பதில் சந்தேகமில்லை. வளர்ந்து முடிந்த காலை நேராக்கினால் திரும்பக் கோணாது என்பது உண்மை. ஆனால் அந்த அறிவுரை மணிக்கட்டைப் பார்க்கிறது, முழங்கையை மறந்துவிடுகிறது.

குட்டையான அல்னா கீழே மட்டும் இழுப்பதில்லை. அதன் மேல்முனைதான் முழங்கை மூட்டின் கொக்கி. ரேடியஸ் நீள நீள, அது மேற்கை எலும்பை மேலே தள்ளும். அல்னாவின் கொக்கி கீழே நிற்கும். மூட்டு பொருந்தாமல் பிளந்துகொண்டு போகும். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் மூட்டுக் குருத்தெலும்பு தேய்கிறது. கோணிய காலை எட்டு மாதத்திலும் நேராக்கலாம், எட்டு வயதிலும் நேராக்கலாம். தேய்ந்த முழங்கையைப் புதிதாக்கித் தர எந்த வளையத்தாலும் முடியாது. நான் பார்த்த நாய்களில் கால் வளைவோடு சுகமாகத் திரிந்தவை உண்டு. அறுவை முடிந்து கால் கோடு போட்டது போல் நேராகியும், காலையில் எழும்போதே நொண்டியவையும் உண்டு. வித்தியாசம் முழங்கையில்தான் இருந்தது.

ஆறு மாதத்தில் முத்துவின் ரேடியஸில் இன்னும் சில மாத வளர்ச்சி மிச்சமிருக்கிறது. ஆகவே முதல் வேலை நாணை அறுப்பது. மணிக்கட்டுக்கு மேலே அல்னாவில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டை, அதன் மேல் உறையோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் நாயின் தோலுக்கு அடியிலிருந்தே எடுத்த கொழுப்பை வைத்துத் தைப்பார்கள். எலும்பு மறுபடி ஒட்டிக்கொண்டால் பழைய கதைதான். கொழுப்பு அதைத் தடுக்கும். கேட்க நாட்டு வைத்தியம் போல இருக்கிறதா? எளிய அறுவைதான், பெரும்பாலும் சில நாட்களிலேயே குட்டி காலை ஊன்றும். முழங்கை ஏற்கெனவே பிளந்திருந்தால் அல்னாவை இன்னும் மேலே வெட்டி, கொக்கி தானாக இடத்துக்கு வர விடுவதும் உண்டு. எது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இழுப்பு விட்டதும் வளைவு எவ்வளவு குறையும்? ஐந்து மாதத்துக்குள், கொஞ்சமே சாய்ந்திருந்தால், ரேடியஸ் தன் வளர்ச்சியைக் கொண்டே பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். முத்துவுக்குப் பாதி குறைந்தாலே நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு தானாகப் பெரிதாகக் குறையாது. மிச்சமிருக்கும் கோணலை வளர்ச்சி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளையமா பிளேட்டா என்ற கேள்வி அப்போதுதான் வரும். அதற்குத் தேவையே இல்லாமலும் போகலாம்.

வளையமா, பிளேட்டா

மகளிடம் சொல்லுங்கள்: வீடியோவில் பார்ப்பதற்கு வளையம் பிரமாதமாக இருக்கும். அதற்காக அது எல்லாக் காலுக்கும் மேல் என்றில்லை. கால் வளைந்திருக்கிறது, நீளம் அதிகம் குறையவில்லை என்றால், வளைவின் உச்சியில் ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுத்து, அங்கேயே நேராக்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு மூடிவிடலாம். ஒரே நாளில் நேராகிவிடும். வீட்டில் தினசரி வேலை இல்லை. ஆனால் ஆப்பு எடுத்ததில் நீளம் இன்னும் கொஞ்சம் போகும், மேசையில் வைத்த கோணம்தான் கடைசிவரை. பிறகு ஒரு டிகிரி திருத்த வேண்டுமென்றால் மறுபடி அறுக்க வேண்டும்.

வளைவு, முறுக்கு, குட்டை மூன்றும் சேர்ந்திருந்தால் வளையத்துக்கு வேலை வருகிறது. ரேடியஸை வெட்டிவிட்டு, எலும்புக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, இழுத்து முறுக்கேற்றி, வெளியே வளையங்களில் பூட்டுவார்கள். வளையங்களை இணைக்கும் தண்டுகளில் கீல் வைத்தால் கோணல் நிமிரும், நட்டைத் திருப்பினால் எலும்பு நீளும். அறுவைக்குப் பிறகும் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பலம். சிப்பிப்பாறை போன்ற மெலிந்த நாய்க்கு முன்னங்காலின் கீழ்ப்பாதியில் சதை குறைவு என்பதால் கம்பி செலுத்துவதும் சுலபம். இன்னொன்று: இந்த மெலிந்த வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரமாகும். மயக்கம் கொடுப்பவரிடம் இன்ன இனம் என்று நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

கொடுமையா என்று கேட்டிருந்தீர்கள். முதல் சில நாள் வலிக்கு மருந்து கொடுப்பார்கள். அதன் பிறகு நாய் அந்தக் காலை ஊன்றி நடக்க வேண்டும், நடக்கும். ஊன்றாமல் தூக்கிக்கொண்டே இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்; கம்பி தளர்ந்திருக்கும், அல்லது சீழ் பிடித்திருக்கும். உடனே கூட்டிப் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்கும் வலி மாத்திரை மட்டும் கூடாது. பைக் இடித்த அன்று பாதி மாத்திரை கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இபுபுரோஃபென், டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் போடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ராத்திரி ஒரே தடவை திருப்பலாமா

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கூடாது. காரணத்தைச் சொன்னால் நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுப்பீர்கள்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் காவ்ரில் இலிஸாரோவ் என்ற சோவியத் டாக்டர். சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஆறாத எலும்புகளோடு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். வெட்டிய எலும்பின் இரு முனைகளையும் மெல்ல மெல்லப் பிரித்தால் நடுவில் புது எலும்பு நெய்துகொண்டு வரும் என்று 1950-களில் கண்டுகொண்டார். மேற்கு ஐரோப்பாவுக்கு இது தெரியவர 1981 ஆயிற்று. எவ்வளவு வேகத்தில் பிரிப்பது? அதைக் கண்டுபிடிக்க அவர் சோதித்தது நாய்களின் கால்களில். நாளைக்கு அரை மில்லிமீட்டர் என்றால் எலும்பு அவசரப்பட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் புது எலும்பு சரியாக உருவாகவில்லை, சுற்றியுள்ள திசுக்களும் கெட்டன. ஒரு மில்லிமீட்டர் சரியாக இருந்தது. அதோடு, அதே ஒரு மில்லிமீட்டரை ஒரே தடவையில் இழுப்பதைவிட நான்கு தடவையாகப் பிரித்தது மேல். இயந்திரம் வைத்து 60 தடவையாகப் பிரித்தது அதைவிடவும் மேல். இந்த ஆய்வை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1989-இல். மனிதக் கால்களுக்கு இன்று பயன்படும் கணக்கு நாய்களின் செலவில் வந்தது. அது நாய்க்கே திரும்பி வருவதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு.

ஆக, கணக்கு இதுதான். தண்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் வகை என்றால், கால் சுற்று கால் மில்லிமீட்டர். நாளைக்கு நான்கு கால் சுற்று. காலை ஆறு, பள்ளிக்குக் கிளம்பும் முன், மாலை ஐந்தரை, இரவு பத்து. பகலில் நீண்ட இடைவெளி விழும். பெரும்பாலான அறுவை நிபுணர்கள் அதை ஏற்பார்கள், இரண்டு தடவை அரை அரையாகக்கூட அனுமதிப்பவர்கள் உண்டு. ஒரே தடவை முழுச் சுற்றுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார்கள். கோணலை நிமிர்த்தும்போது கணக்கு மாறும்: எலும்பின் உள்வளைவில் ஒரு மில்லிமீட்டர் விரிய, வெளியே தள்ளி நிற்கும் தண்டில் அதைவிட அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். எத்தனை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதுவது ஏன் முக்கியம் என்று ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஓய்வுபெற்ற பெரியவர், நாயின் மீது உயிர். பத்தாம் நம்பர் ஸ்பேனர், ரூல் போட்ட நோட்டு, ஒவ்வொரு திருப்புக்கும் நேரம், கையெழுத்து. பத்தாம் நாள் படத்தில் இடைவெளி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நோட்டில் ஒரு நாளும் தவறவில்லை. கடைசியில், "திருப்பிக் காட்டுங்கள்" என்றேன். கீழே உட்கார்ந்து நாயை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு திருப்பினார். தலைகீழாக. இரண்டு நாள் பேத்தி நாயை இதே போல் மடியில் மல்லாத்திப் பிடித்திருக்கிறாள், அந்த இரண்டு நாளும் நட்டு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு நட்டிலும் பேத்தியின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்து வளையத்தில் அம்புக்குறி போட்டோம். இன்றுவரை எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். சிவப்பைவிட வெள்ளை நன்றாகத் தெரியும்.

இரண்டு சென்டிமீட்டர் நீட்ட வேண்டுமென்றால் 20 நாள் திருப்பல். அறுவை முடிந்து முதல் மூன்று முதல் ஐந்து நாள் எதையும் தொடக் கூடாது. அந்த நாட்களில்தான் எலும்பு வேலையைத் தொடங்குகிறது. நீட்டி முடித்ததும் புது எலும்பு இறுக அதே அளவு நாளோ, இரண்டு மடங்கோ வளையம் இருக்கும். மொத்தம் ஏழு முதல் ஒன்பது வாரம். கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களில் கொஞ்சம் நீர் கசிந்து பொருக்குக் கட்டும். அது எதிர்பார்த்ததுதான், டாக்டர் சொல்லும் மருந்தால் தினமும் துடைத்தால் போதும். சிவந்து, வீங்கி, நாற்றம் வந்தால்தான் பயப்பட வேண்டும். கழுத்தில் கூம்புக் காலர் முழு நேரமும். வளையம் கேட் கம்பியில் மாட்டிக்கொள்ளும், சோபாவைக் கிழிக்கும், உங்கள் முழங்காலைப் பதம் பார்க்கும். மேலே துணியைச் சுற்றிவிடுங்கள். எலும்பை நீட்டும்போது தசைநாண் பின்தங்கும், பாதம் உள்ளே மடங்கப் பார்க்கும். தினமும் மணிக்கட்டை மெல்ல நீட்டிவிடும் பயிற்சியை டாக்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இத்தனை வாரத்துக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் தயங்காமல் பிளேட் கேளுங்கள். பாதியில் கைவிட்ட வளையத்தைவிடச் சுமாரான பிளேட் எவ்வளவோ மேல்.

செலவும் மாமியாரும்

தனியார் மருத்துவமனைகளில் தொகை இடத்துக்கு இடம் மாறும். அறுவை, கம்பி வளையம், மயக்க மருந்து, பிறகு எடுக்கும் படங்கள், கழற்றும் செலவு எல்லாம் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். கடைசி இரண்டைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. உங்களுக்குப் பக்கம் திருநெல்வேலி. எலும்பு அறுவைக்குப் பழைய, பெரிய இடம் என்றால் சென்னை வேப்பேரிக் கல்லூரி. முன்கூட்டியே போன் செய்து, இந்த அறுவை செய்பவர் எந்த நாள் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தோட்டத்தில் விட்டுவிடும் யோசனைக்கு என் பதில் இல்லை என்பதுதான். பசிக்கும் தாகத்துக்கும் விட்டு நாயைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மாமியாரிடம் சட்டம் பேச வேண்டாம், இப்படிச் சொல்லுங்கள்: எல்லாம் தோற்று முழங்கையும் போனால்கூடக் கடைசி வழியாக அந்தக் காலை எடுத்துவிடலாம், முத்து மூன்று காலில் தோட்டத்தையே சுற்றி வருவான், நம் தோட்டத்தை. உடலின் எடையில் 60 சதவீதம் முன்னங்கால்கள் தாங்குகின்றன என்பதால் முன்கால் இல்லாதது பின்கால் இல்லாததைவிடக் கொஞ்சம் கஷ்டம். அதனால் உடம்பு கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆறு மாதத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முயல் பின்னால் முன்போல் பாய்வானா என்று உங்கள் கணவர் கேட்டதாக ஒரு வரி இருக்கிறது. முயல் வேட்டையே சட்டப்படி கூடாது, அது தனி விஷயம். வீட்டைச் சுற்றி ஓடுவான். பாதம் ஒரு பக்கம் லேசாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கால் கொஞ்சம் குட்டையாக நின்றாலும் தோளையும் முழங்கையையும் நீட்டி ஈடுகட்டிக்கொள்வான்.

இந்த வாரமே கிளம்புங்கள். பழைய எக்ஸ்-ரேயைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்னங்காலையும், முழங்கையிலிருந்து பாதம் வரை, நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். குட்டி அசையாமல் இருக்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம், காலையில் தண்ணீர் மட்டும்.